முறைசெய்வோன் முறைக்கு உட்பட்டவனோ?

நாட்டுக்குத் தலைமை பூண்டு நிற்பான் ஒருவன் அந்நாட்டுச் சட்டத்துக்குத் தானும் உட்பட்டவனோ, அன்றி அதனைக் கடந்து நிற்பவனோ என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் வினாவாகும். முடியரசு தழைத்த காலத்தொடு இவ்வினா ஒழிந்துவிடவில்லை. குடிகளே தம் தலைவரைத் தேர்ந்துகொள்ளும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று உச்சநீதிமன்ற நடுவர் ஒன்பதின்மர் இதுகுறித்து அறுவர் ஒருபாலும் மூவர் மற்றொருபாலுமாகப் பிரிந்து தீர்ப்புரைத்தனர். கற்றார் இங்ஙனம் மாறுகொள்ளுதலின், இருதிறத்தார் ஏதுக்களையும் நிறுத்தி, பரபக்கம் மறுத்துச் சுபக்கம் நாட்டும் நம் ஆசிரியர்தம் நெறிபற்றி ஈண்டு ஆராய்வாம்.

சொற்பொருள் வரையறை

வாதம் தொடங்குமுன் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். ‘உட்படுதல்’ என்னும் சொல் இவ்வினாவின்கண் மூன்று பொருள்பட நின்று மயக்கம் விளைக்கின்றது. சட்டம் விதித்தவாறு ஒழுகும் கடன் தலைவனுக்கு உண்டு என்பது ஒன்று. சட்டத்துக்கு மாறாக அவன் இட்ட ஆணை செல்லாதாய் ஒழியும் என்பது மற்றொன்று. அவனையே மன்றத்தில் நிறுத்தி வினவவும், குற்றம் காணின் ஒறுக்கவும் கூடும் என்பது மூன்றாவது. இவற்றை முறையே கடப்பாடு, ஆணையின் செல்லாமை, ஆளின் பொறுப்பு எனப் பெயரிட்டு வழங்குவாம். முதலதை உடன்பட்டார் அனைவரும் ஏனை இரண்டையும் உடன்பட்டாரல்லர். இவ்வேறுபாட்டை மறந்து வாதிப்பார் ஒருவர் கூற்றை ஒருவர் அறியாதே பொருவாராவர்.

பரபக்கம்

தலைவன் சட்டத்துக்கு மேற்பட்டவன் என்பார் கூறும் ஏதுக்கள் மூன்று.

சட்டம் தலைவன் வாயிலாகவே தோன்றுகின்றது. தோற்றுவித்தானைத் தோன்றியது கட்டுதல் யாங்ஙனம் என்பது முதலாவது.

நடுவர் தம் அதிகாரத்தைத் தலைவன்பால் பெற்றவர்; பெற்றவர் தந்தானை வினவுதல் பொருந்தாது. அவனினும் உயர்ந்த நடுவர் ஒருவர் உளரெனின், அவர் பிழைத்தவழி வினவுவார் யாவர், அவரை வினவுவார் பிழைத்தவழி வினவுவார் யாவர் என இது வரம்பின்றி ஓடும் என்பது இரண்டாவது.

பகைத்தோர் நாள்தோறும் வழக்குத் தொடுப்பின் தலைவன் மன்றத்தின் படியிலேயே காலங்கழிப்பான். பிற்காலத்துத் தண்டனைக்கு அஞ்சித் துணிந்து செய்யவேண்டியதனையும் செய்யாது விடுவான். இதனால் கேடுறுவது நாடே என்பது மூன்றாவது.

இம்மூன்றும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவாம்.

முதல் ஏது

ஹென்றி பிராக்டன் (இறப்பு 1268) பெயரால் வழங்கும் இலத்தீன் மொழிச் சட்டநூல் ஒன்று ஆங்கில நாட்டில் உண்டு. மன்னன் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவனல்லன், ஆயினும் இறைவனுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவன், என்னை? அவனை மன்னனாக்கியது சட்டமே ஆகலின் என்பது அந்நூலின் கருத்து. 1607-ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னர், நடுவர் யாவரும் தம் பேராளரே ஆதலின் வேண்டிய வழக்கைத் தாமே எடுத்துத் தீர்க்கலாம் எனக் கருதினார். சட்டம் அறிவின்மேல் நிற்பதாயின் அவ்வறிவு தமக்கும் உண்டன்றோ என்பது அவர் கூற்று. தலைமை நடுவர் எட்வர்டு கோக், மன்னர்க்கு இயற்கையறிவு மிகவுண்டு எனினும், குடிகளின் உயிரும் உடைமையும் பற்றிய வழக்குகள் நெடுநாட் பயிற்சியால் வரும் சட்ட அறிவுகொண்டே தீர்க்கப்படுவன என்று மறுத்தார். அவ்வாறாயின் யாம் சட்டத்தின் கீழ்ப்பட்டவர் ஆவோமே என மன்னர் வெகுண்டபோது, பிராக்டன் நூலையே எடுத்துக் காட்டினார் என்பது கோக் தாமே எழுதிவைத்த செய்தி.

சட்டம் தலைவனுக்கு முற்பட்டது என்பதற்கு யாம் காட்டும் ஏது ஒன்றுண்டு. ஒரு மன்னன் இறந்த அந்நொடியிற் பட்டத்துக்கு உரியவன் யாவன் என்பதனை அறிவிப்பது எது? புதியவன் இன்னும் ஓர் ஆணையும் இட்டிலன். பழையவன் ஆணையிடும் நிலையில் இலன். ஆயினும் இன்னான் மன்னன் என்பதை நாடு அறிகின்றது. அங்ஙனம் அறிவிப்பது தாயமுறைச் சட்டமே. குடியரசில் அவ்விடத்தில் நிற்பது தேர்தற்சட்டம். சட்டத்தை முற்றும் தள்ளுந் தலைவன் தன் தலைமைக்குரிய ஆவணத்தையே கிழித்தவனாவான். ஆகலின் முதல் ஏது போலி ஏதுவாய் ஒழிந்தது, கடப்பாடு நிலைபெற்றது.

இரண்டாம் ஏது

கடப்பாடு உண்டேல் அதனைச் செலுத்துவிப்பார் யாவர் என்னும் இடர் இனி எதிர்ப்படுகின்றது. பிராக்டன் நூலே, மன்னன்மேல் மன்ற ஆணை செல்லாது, குடிகள் அவனை வேண்டிக்கொள்ளுதலே செய்யலாம் என்று நின்றுவிட்டது.

1215-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜான் மன்னர் முத்திரையிட்ட பெரும்பட்டயத்தின் அறுபத்தொன்றாம் பிரிவு ஒரு வழி கண்டது. மன்னர் பட்டயத்தை மீறித் திருத்தாது விடின், பெருநிலக்கிழார் இருபத்தைவர் அவர்தம் கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றி நெருக்கலாம். ஆயின் மன்னர், அரசி, மக்கள் ஆகியோர் மெய்யைத் தீண்டலாகாது என்பது அப்பிரிவு. முறைகாண இது படைகொண்டு பொரும் வழியேயாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசெண்டு பட்டயத்தைச் செல்லாதென அறிவித்தார். 1216-இல் பட்டயம் மீள வெளியிடப்பட்டபோது அப்பிரிவு நீக்கப்பட்டது.

நானூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்வரம்பும் கடக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் தோற்ற முதலாம் சார்லஸ் மன்னரை 1649-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நிறுத்தினர். ஜான் பிராட்ஷா என்பார் தலைமை வகித்தார். முந்திய டிசம்பரிற் படைவீரர் பொதுமக்களவையின் வாயிலில் நின்று தமக்கு உடன்படாத உறுப்பினரைத் தடுத்தனர்; எஞ்சியோரே இம்மன்றத்தை அமைத்தனர். மன்னர் குற்றச்சாட்டுக்கு விடையிறுக்க மறுத்து, எந்தச் சட்டத்தின் அதிகாரத்தால் எம்மை இங்கு நிறுத்தினீர் என வினவினார். சட்டமின்றி வலிமையொன்றே சட்டம் செய்யுமாயின் இந்நாட்டில் எக்குடிமகனுக்கும் தன் உயிரும் உடைமையும் உறுதியாகா என்பது அவர் வாதம். ஜனவரி 27-இல் தீர்ப்பு. 30-ஆம் நாள் வைட்ஹால் அரண்மனை வாயிலில் தலை துணிக்கப்பட்டது.

இவ்வழக்கை நடுநிலை கொண்டு நோக்குவாம். தம் ஆட்சிக் காலத்திற் பதினோராண்டு பாராளுமன்றம் கூட்டாதே வரி வாங்கிய மன்னர், இறுதியிற் சட்டத்தின் பெயரால் முறையிட்டார். சட்டத்தின் பெயரால் மன்னரை ஒறுக்க வந்தவரோ சட்டத்தில் இல்லாததொரு மன்றத்தைப் படைவலியால் அமைத்தனர். இருவர் கையிலும் சட்டம் ஊறுபட்டது. தலைவனை வினவும் மன்றம் அவன் பிழைக்கு முன்னரே சட்டத்தால் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். பிழைத்தபின் பகைவரால் அமைக்கப்பட்டது பழிவாங்கலேயாம். இதுவே 1649 நமக்கு அறிவுறுத்துவது.

வரம்பின்றி ஓடும் என்ற குற்றமும் ஆளை ஆளின்மேல் ஏற்றி நிறுத்தும்போதே வரும். தலைவனைப் பாராளுமன்றம் நீக்கலாம். பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை மன்றம் செல்லாதாக்கலாம். நடுவரைப் பாராளுமன்றம் நீக்கலாம் என ஒவ்வொன்றும் வேறுவேறு பொருள்பற்றி மற்றொன்றைத் தடுத்து நிற்குமிடத்து, உச்சியில் ஒருவரைத் தேடி அலையவேண்டுவதில்லை.

பொறுப்பு தங்கும் இடம்

ஆங்கில நாடு பின்னர்க் கண்ட வழி நுண்ணியது. மன்னன் பிழை செய்யான் என்பது அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு முதுமொழி. பிழை செய்யினும் பிழையாகாது என அதற்குப் பொருள் கொள்வாருளர். பிழை செய்யும் அதிகாரம் மன்னனுக்குச் சட்டத்தால் தரப்படவில்லை என்பதே பொருந்திய பொருள். அதனாற் பெறப்படுவது யாது? முறையற்றதொன்று மன்னன் பெயரால் நிகழின், அது மன்னன் ஆணையாகாது. செய்தவன் செயலே ஆகும். மன்னன் ஏவினான் என்று அவன் தப்பமுடியாது. 1762-இல் அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபுவின் ஆணை கொண்டு அரசு ஏவலர் ஜான் எண்டிக் என்னும் எழுத்தாளர் இல்லம் புகுந்து ஏடுகளை வாரிச் சென்றனர். 1765-இல் தலைமை நடுவர் கேம்டன் பிரபு, அவ்வாணைக்கு இடந்தரும் சட்டம் ஒன்றும் இல்லை. நாட்டின் இன்றியமையாமை என்னும் வாதம் சட்டத்தின் இடத்தை நிரப்பாது என்று தீர்த்தார். ஏவலர் 300 பவுன் இழப்பீடு செலுத்த நேர்ந்தது.

மன்னனது மெய் தீண்டப்படாது நின்றும், ஆணையின் செல்லாமை இங்கு நிலைபெற்றது. ஆளின் பொறுப்பு மன்னனைவிட்டு அமைச்சரிடத்தும் ஏவலரிடத்தும் சென்று தங்கிற்று. இன்றும் ஆங்கில முடிமன்னர்மேல் அவர் பெயரிற் குற்றவழக்குச் செல்லாது. ஆயின் அரசின்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. தலைவனை விலக்கி வைத்தல் பொறுக்கத்தக்கதாவது, அவன் செயலின் பொறுப்பை ஏற்று மன்றத்தில் நிற்கத்தக்கார் வேறொருவர் உளராயின் மட்டுமே என்பது இதனாற் புலனாம். இதனை இக்கட்டுரைக்கு மேற்கோளாகக் கொள்க.

மனுவேந்தன் வழக்கு

இம்மேற்கோளுக்கு எடுத்துக்காட்டு நம் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பினுள் உண்டு. அரசிளங்குமரன் தேர்க்காலிற் பசுங்கன்று பட்டதும், தாய்ப்பசு அரண்மனை வாயில் மணியைக் கோட்டினாற் புடைத்ததும் அன்பர் அனைவரும் அறிந்தனவே. அருளிச் செயலாக ஓதப்படும் அப்பகுதியை முறைநூலாகவும் ஒருகால் ஓதி நோக்குமாறு வேண்டுகின்றேம்.

அமைச்சர் கூறியது சட்டத்துக்குப் புறம்பானதன்று. இத்தகைய கொலைக்கு மறையோர் விதித்த கழுவாய் உண்டு. அதுவே வழிவழி வந்த வழக்கு என்றனர். மன்னவன் அவ்வழக்கை இருவகையால் மறுத்தான். என் மகன் செய்த கொலைக்குக் கழுவாய் ஏற்றுப் பிறனொருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்வேனாயின், மனுவின் பெயர் கொண்ட என்னாலேயே மனுநூல் துடைக்கப்பட்டது என்னும் சொல் நிற்கும் என்றது ஒன்று. சட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடின் சட்டமாகாது என்பது இதன் கருத்து. வழக்கென்று நீவிர் மொழிவீராயின், இங்ஙனம் கதறி மணியெறிந்து முறையிட்ட பசு முன்னர் எவ்வுலகில் இருந்தது என வினவியது மற்றொன்று. முன்னை வழக்கைக் காட்டுவார் அவ்வழக்கின் நிகழ்ச்சி இவ்வழக்கின் நிகழ்ச்சியோடு ஒத்தலைக் காட்டவேண்டும் என்னும் விதியை இவ்வினா உட்கொண்டிருக்கின்றது. இக்கால நடுவரும் முன்தீர்ப்பை வேறுபடுத்துங்கால் செய்வது இதனையே.

நாடு காப்பான் குடிகளை ஐவகை அச்சத்தினின்றும் காக்கக் கடவன் என அங்கே கூறப்படுகின்றது. பகைவர், கள்வர், பிறவுயிர் ஆகிய மூன்றினும் முன்னே வைத்து எண்ணப்பட்டன அரசன்தானும் அவன் பரிசனமும். காப்பவனே அச்சத்துக்கு முதற்காரணமாதல் கூடும் என உணர்ந்து வைத்த வைப்புமுறை அது.

இனி, மைந்தன்மேல் தேரூருமாறு ஏவப்பட்ட அமைச்சன் அது செய்யாது தன்னுயிர் நீத்தான். ஏவலைச் செய்யவும் மறுக்கவும் இயலாது நின்றார்க்கு வரும் துயர் அதுவாகும். வேந்தன் வேறொருவனை ஏவினானல்லன், தானே தேரேறினான். செயலின் பொறுப்பைத் தாங்க ஏவலன் இல்லாதவழி அது தலைவன்மேலேயே தங்கும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

எனினும் ஒன்று கருதத்தக்கது. மனுவேந்தனை வினவ அங்கே மன்றம் இல்லை. அவன் உள்ளமே மன்றமாயிற்று. எல்லாத் தலைவர்க்கும் அவ்வுள்ளம் வாய்க்கும் என்று ஒரு நாடு வாளாவிருத்தல் ஆகாது. மன்றமும் வரையறையும் வேண்டப்படுவது இதுபற்றியே.

மூன்றாம் ஏது

பதவித் தொழிலுக்கு இடையூறு என்னும் ஏது ஓரளவிற்கு உடன்படத்தக்கதே. இந்திய அரசியலமைப்பின் 361-ஆம் உறுப்பு அவ்வளவை இங்ஙனம் வரைந்தது. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தம் பதவி அதிகாரத்தைச் செலுத்தியதற்காக எம்மன்றத்துக்கும் விடையிறுக்கக் கடவரல்லர். பதவிக்காலத்தில் அவர்மேற் குற்றவழக்குத் தொடுக்கவும் நடத்தவும் ஆகாது. சிறைப்படுத்த ஆணை பிறவாது. தனிநிலையிற் செய்தனபற்றிய உரிமைவழக்கு, இரண்டு திங்கள் முன்னறிவிப்பின் பின்னரே தொடுக்கப்படலாம். ஆயினும் அரசின்மேல் வழக்குத் தொடுக்கும் உரிமை அவ்வுறுப்பிலேயே காக்கப்பட்டுள்ளது. அரசியலமைப்பை மீறிய குடியரசுத் தலைவரைப் பாராளுமன்றத்தின் ஓரவை குற்றஞ்சாட்ட, மற்றையவை ஆராய்ந்து, ஒவ்வோரவையிலும் மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினர் உடன்பாட்டால் நீக்குதற்கு 61-ஆம் உறுப்பு வழிவகுத்தது. ஆணையின் செல்லாமைக்கும் தடையில்லை. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் பீகார்ச் சட்டமன்றம் ஆளுநர் அறிக்கைபற்றிக் கலைக்கப்பட்டது. ஆளுநர்க்கு உள்ள விலக்கு அவர் ஆளைக் காக்குமேயன்றி அச்செயலைக் காவாது. தீயநோக்கமும் ஆராயப்படலாம் என உச்சநீதிமன்றம் 2006 ஜனவரியில் விளக்கிற்று.

இந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். அமைச்சர்க்கு இவ்விலக்கு இல்லை. தேர்தல் முறைகேடுபற்றி 1975 ஜூன் 12-இல் அலகாபாத்து உயர்நீதிமன்றம் தலைமையமைச்சர் இந்திரா காந்தி அம்மையாரின் தேர்தலைச் செல்லாதென்றது. அத்தேர்தலை மன்றங்களுக்கு எட்டாததாக்க அவ்வாண்டே அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட பிரிவினையும் நவம்பர் 7-இல் உச்சநீதிமன்றம் வெட்டி நீக்கிற்று. அம்மையாரின் தேர்தல் பிற ஏதுக்களால் நிலைநிறுத்தப்பட்டது எனினும், மெய்யதிகாரம் உடையார்க்கு விலக்கை நீட்டும் முயற்சி அங்குத் தடைப்பட்டது.

அமெரிக்க நாட்டு நிலை வேறு. அங்குத் தலைவர் தாமே ஆட்சி நடத்துபவர். அவர்க்குப் பின்னின்று பொறுப்பேற்கும் அமைச்சரவை இல்லை. அந்நாட்டு அரசியலமைப்பு, குற்றஞ்சாட்டி நீக்கப்பட்டார் பின்னரும் சட்டப்படி விசாரணைக்கும் தண்டனைக்கும் உரியர் என்று கூறுகின்றது. 1974 ஜூலை 24-இல் ஒலிப்பதிவுகளை ஒப்படைக்குமாறு உச்சநீதிமன்றம் மாறுபாடின்றித் தீர்ப்புரைக்க, நிக்சன் உடன்பட்டு ஆகஸ்டு 9-இற் பதவி துறந்தார். செப்டம்பர் 8-இல் அவர்க்குப் பின்வந்த போர்டு அவர் குற்றங்களை மன்னித்தார். மன்னிப்பு வேண்டப்பட்டமையானே பொறுப்பு உண்டென்பது அருத்தாபத்தியாற் பெறப்படும்.

2024-ஆம் ஆண்டுத் தீர்ப்போ, டிரம்பு தொடர்பான வழக்கில், அரசியலமைப்புத் தலைவர்க்கே உரித்தாக்கிய அதிகாரச் செயல்களுக்குக் குற்றவழக்கினின்றும் முழு விலக்கும், ஏனைப் பதவிச் செயல்களுக்கு விலக்கு உண்டென்றே முதற்கண் கொள்ளும் கொள்கையும் வகுத்தது. தனிச்செயல்களுக்கு விலக்கில்லை என்றது. இன்னது பதவிச் செயல், இன்னது தனிச்செயல் எனப் பிரிக்குங்கால் உள்நோக்கத்தை வினவலாகாது என்றும் கூறிற்று. இவ்விலக்கு பதவிக்காலத்தோடு ஒழிவதன்று. அஞ்சாது செயலாற்றும் தலைவர் வேண்டும் என்பது பெரும்பாலார் ஏது. தலைவரை மன்னராக்கும் என்பது மூவர் அச்சம்.

யாம் முன்னர் நிறுத்திய மேற்கோளை இங்கு வைத்து அளந்து நோக்குக. ஆங்கில நாட்டில் விலக்குப் பெற்றவர் ஆளுவதில்லை. ஆளுபவர் விலக்குப் பெறுவதில்லை. அமெரிக்க நாட்டில் ஆளுபவரே விலக்கும் பெற்றார். ஏவலர் ஒறுக்கப்படலாமெனின், கூட்டாட்சிக் குற்றங்களில் அவரை மன்னிக்கும் அதிகாரமும் அத்தலைவர் கையிலேயே உள்ளது. எனவே அச்செயல் உடையவனின்றி நிற்கும். இடையூறு நீக்கப் பதவிக்காலத்தளவும் வழக்கை நிறுத்திவைத்தல் போதியதாகவும், என்றைக்கும் விலக்குதல் மூன்றாம் ஏது வேண்டிய அளவினும் மிக்கதாகும்.

வெண்ணெய்நல்லூர் அவை

தலைவன் மன்றத்தில் நிற்றல் தலைமைக்கு இழுக்காகும் எனக் கருதுவார் உளரேல், அவர்க்குத் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நினைவூட்டுவாம். எல்லாவுலகும் உடைய பெருமான் நம்பியாரூரரை அடிமையெனக் கொள்ள வந்தவிடத்துத் தம் ஆற்றலைக் காட்டிற்றிலர். முதிய மறையவராய்த் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார்முன் வழக்காளியாய் நின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு அவை அவரையும் கேட்டது. படியோலை கிழிக்கப்பட்டமையின் மூலவோலையைக் காட்டினர். அவையத்தார் அதன்கண் இருந்த எழுத்தைக் காப்பில் இருந்த மற்றோர் ஓலையொடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர்.

இறைவன் அவைக்குக் கட்டுப்பட்டவன் என்பது எம் கருத்தன்று. கட்டுக்கு அப்பாற்பட்டவன் அருளால் மேற்கொண்ட நிலை அது. கட்டுக்கு உட்பட்ட உயிராகிய நாட்டுத் தலைவனோ, முழுமுதலும் வெறாத அவையை வெறுத்தற்கு யாது உரிமை உடையன்?

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் போந்த முடிபு இது. கடப்பாடு எல்லாத் தலைவர்க்கும் எஞ்ஞான்றும் உண்டு; அவரைத் தலைவராக்கியது சட்டமே ஆகலின். சட்டத்துக்கு மாறான ஆணை செல்லாது. ஆளைக் காக்கும் விலக்குச் செயலைக் காவாது ஆகலின். ஆளின் பொறுப்பைப் பதவிக்காலத்தளவும் நிறுத்திவைத்தல் ஆகும், அழித்தல் ஆகாது. தலைவர் செயலுக்குப் பிறர் பொறுப்பேற்கும் நாட்டில் அவர் மெய்யைத் தீண்டாது விடினும் முறை கெடாது. அங்ஙனம் ஏற்பார் இல்லாத நாட்டில் அவரே ஏற்றல் வேண்டும். வினவும் மன்றமோ பிழைக்கு முன்னரே அமைந்ததாய், பகைவர் கையது ஆகாததாய் இருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று குறையினும் வாயிலில் மணி தூங்கும். அடித்தார் குறையைக் கேட்பார் இரார்.